அறிஞர் சித்தி லெப்பை: இருப்பதைக் கொண்டு பள்ளிக்கூடம் கண்டவர்



நம்மவர் குடும்பங்களில் பாட்டனார் காலத்துக் கதையைக் கிளறினால், அண்ணன் கண்டிக்குப் போய் ஜவுளிக்கடை வைத்தார், தம்பி பினாங்குக்குக் கப்பலேறினார் என்று சொல்லும் வீடுகள் சில இருக்கும். சுங்கை லாலாங்கிலும் பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் கடை வைத்திருக்கும் நமக்குக் கண்டி என்ற ஊர் அவ்வளவு அந்நியமான ஊரன்று. அந்தக் கண்டியில் பிறந்து, தமிழ் பேசும் முஸ்லிம்களின் கல்விக்காகத் தம் தொழிலையும் பொருளையும் செலவிட்ட மர்ஹூம் முகம்மது காசிம் சித்தி லெப்பை அவர்களைப் பற்றி இந்த மடலில் எழுதலாம் என்று எண்ணினேன். பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர் இருப்பார்கள். அவர் செய்த காரியம் இன்னதென்று அறிந்தவர்கள் நம் பகுதியில் குறைவு.

சித்தி லெப்பை 1838ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் தேதி கண்டியில் பிறந்தார். தகப்பனார் இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாக வழக்கறிஞரானவர். ஆகவே வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. அரபும் தமிழும் வீட்டு வழக்கப்படி கற்றார். ஆங்கிலமும் நன்றாகக் கற்றார். தகப்பனாரைப் போலவே சட்டம் படித்து, 1864ல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞரானார். கண்டி நகரசபையிலும் அங்கம் வகித்தார். வருமானம் வந்தது, மதிப்பும் இருந்தது. சாதாரணமாக நம்மில் ஒருவருக்கு இவ்வளவு கிடைத்துவிட்டால், பிள்ளைகளுக்கு ஒரு வீடும் இரண்டு தோட்டமும் வாங்கி வைத்துவிட்டு ஹஜ்ஜுக்குப் போகும் யோசனையில் இருப்போம்.

நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்ததால் அவருக்கு ஒரு விசயம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தது. வியாபாரி முஸ்லிம் வழக்குக்கு வருகிறான். அவன் கையெழுத்திட்ட பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. கடன் சீட்டு, குத்தகை, ஏலம், வரி எல்லாம் ஆங்கிலத்தில். மூட்டை சுமந்து மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் பொட்டணி வியாபாரம் செய்து சேர்த்த பணம், படிக்கத் தெரியாத ஒரு தாளினால் போய்விடக்கூடும். இதை நான் கற்பனையாக எழுதவில்லை. எந்த ஊரில் எந்தக் காலத்தில் கடை வைத்தாலும் இது நடக்கும். இன்று இ-இன்வாய்ஸ் என்று அரசாங்கம் சொன்னதும் நம்மில் எத்தனை பேர் மகளையோ மருமகனையோ கூப்பிட்டோம் என்பது நமக்குத் தெரியும். நானும் கூப்பிட்டேன்.

அப்படியானால் அக்காலத்து முஸ்லிம்கள் ஏன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை? சோம்பலினால் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியன்று. இலங்கையில் அன்றிருந்த ஆங்கிலப் பள்ளிகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவப் பாதிரிமார் நடத்தியவை. அங்கே எண்ணும் எழுத்தும் மட்டும் கற்பிக்கவில்லை; அவர்களுடைய வேதமும் பாடமாக இருந்தது. பிள்ளை ஆங்கிலம் கற்றுக்கொண்டு ஈமானைத் தொலைத்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அதே அச்சம் சைவர்களுக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, பாடப் புத்தகங்களையும் தாமே எழுதி அச்சிட்டார். பௌத்தர்களுக்கும் இருந்தது, 1880ல் கர்னல் ஆல்காட் வந்த பிறகு அவர்களும் பள்ளிகள் கட்டத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் மட்டும் பாதிரிமார் பள்ளியை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக ஒன்றையும் வைக்காமல் இருந்தார்கள். சித்தி லெப்பையின் மனத்தை அறுத்தது இந்த வெற்றிடம்தான்.

வட இந்தியாவில் சர் சையது அகமது கான் 1875ல் அலிகாரில் கல்வி நிலையம் தொடங்கியிருந்தார். அதன் பின்னால் நவாபுகளும் ஜமீன்களும் அரசாங்கத்தின் தயவும் இருந்தன. கண்டியில் நவாபு ஏது? இருந்தது கடைக்காரர்களும் பொட்டணிக்காரர்களும் பள்ளிவாசல் லெப்பைமார்களும். ஆகவே இல்லாததைக் கேட்டுக் காத்திராமல், சமுதாயத்தின் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தார். சரக்கு வாங்கப் பணமில்லாத வியாபாரி முதலில் கடையில் கிடக்கும் இருப்பை எண்ணிப் பார்ப்பதைப் போல.

இருந்தவற்றில் முதலாவது எழுத்து. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். முஸ்லிம் பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும் ஐந்து ஆறு வயதில் ஓதப் போகும். பத்து வயதுக்குள் அலிஃப் முதல் யா வரை இருபத்தெட்டு எழுத்தும் கண்ணுக்குப் பழகி, குர்ஆனைச் சரளமாக ஓதிவிடும். ஆனால் பொருள் தெரியாது. பேசுவது தமிழ், தமிழ் எழுத்து தெரியாது. இந்த இரண்டையும் இணைத்ததுதான் அறபுத் தமிழ். தமிழ்ச் சொல்லை அரபு எழுத்தில் எழுதுவது. அரபில் இல்லாத ப, ட, ங, ழ போன்ற ஓசைகளுக்கு, உள்ள எழுத்தின் மேலோ கீழோ ஒரு புள்ளி, ஒரு குறி கூட்டிப் புதிய எழுத்தை ஆக்கிக்கொண்டார்கள். நமக்கு இது புரிவதில் சிரமமில்லை; மலாய்க்கு ஜாவி எப்படியோ, தமிழுக்கு அறபுத் தமிழ் அப்படி. ஃபேயின் மேல் மூன்று புள்ளி வைத்து மலாய்க்காரர்கள் ப என்று வாசிக்கிறார்கள் அல்லவா? கொழும்பிலேயே 1869ல் பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் அலாமத் லங்காபுரி என்ற மலாய்ப் பத்திரிகையை ஜாவி எழுத்தில் நடத்தினார் என்பது நம் நாட்டு மலாய் நண்பர்களுக்குச் சொல்லத் தக்க செய்தி.

அறபுத் தமிழை சித்தி லெப்பை உண்டாக்கவில்லை. அது அவருக்கு முன்பே பல தலைமுறைகளாக வழங்கியது. அவர் காலத்திலேயே கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அந்த எழுத்தில் மார்க்க நூல்கள் எழுதி, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டுப் பெண்கள்வரை கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். சித்தி லெப்பை செய்தது அடுத்த படி. ஓதத் தெரிந்த பிள்ளை அந்த எழுத்தோடு நின்றுவிடக் கூடாது. அதை ஏணியாக வைத்துத் தமிழ் எழுத்துக்கும், பொருள் தெரிந்த அரபுக்கும், பிறகு ஆங்கிலத்துக்கும் ஏறவேண்டும் என்று வற்புறுத்தினார். அரபைப் படிப்படியாகக் கற்பிக்கும் பாடப் புத்தகங்களைத் தாமே எழுதினார். அதற்குமுன் பிள்ளைகள் பக்கம் பக்கமாக ஒப்பிப்பார்கள். ஒரு வாக்கியத்தைத் தாமாக அமைக்கத் தெரியாது. தகப்பனும் உஸ்தாதும் பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்டு மகிழ்ந்து போவார்கள். மதறசாவில் ஓதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மகிழ்ச்சி எனக்கும் என் தகப்பனாருக்கும் இருந்தது.

இரண்டாவது பத்திரிகை. பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கலாம். தாடி வைத்த பெரியவரை எந்தப் பெஞ்சில் உட்காரவைப்பது? பெரியவர்கள் மனம் மாறாமல் பிள்ளைகள் பள்ளிக்கு வரப்போவதில்லை. 1882 டிசம்பரில் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசன் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அச்சுக்கூடமும் தமது, எழுத்தும் பெரும்பாலும் தமது. துருக்கிச் செய்தி, எகிப்துச் செய்தி, அரசாங்கச் சட்டங்கள், இவற்றோடு வாரந்தோறும் கல்வி, கல்வி என்று அதே பல்லவி. கொழும்புக்கும் கண்டிக்கும் 1867லேயே ரயில் வந்துவிட்டது. பத்திரிகைக் கட்டுகள் ஏறிப்போக வழி இருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்க, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்கும் காலம் அது. ஆகவே சந்தாக் கணக்கை வைத்துப் பத்திரிகையின் வீச்சை அளக்க முடியாது. 1887ல் சிங்கப்பூரில் சிங்கை நேசன் என்ற தமிழ்ப் பத்திரிகை ஒரு முஸ்லிமின் முயற்சியில் பிறந்தபோது, இந்தக் கடலின் இரு கரையிலும் தமிழ் முஸ்லிம்கள் பத்திரிகை வாசிக்கும் கூட்டமாகிவிட்டார்கள்.

பத்திரிகைக் கட்டுரை பிடிக்காதவருக்குக் கதை பிடிக்கும். 1885ல் அசன்பே சரித்திரம் என்ற நவீனத்தை எழுதி வெளியிட்டார். எகிப்தில் பிறந்த ஒரு பிள்ளை வஞ்சகரால் பிரிக்கப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, கல்வியாலும் நல்லொழுக்கத்தாலும் உயர்ந்து தன் உரிமையைப் பெறும் கதை. தமிழின் முதல் நவீனம் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது 1879ல். அதற்கு ஆறே ஆண்டுக்குப் பின் ஒரு முஸ்லிம் வழக்கறிஞர் கண்டியிலிருந்து தமிழில் நவீனம் எழுதியிருக்கிறார். இலங்கைத் தமிழ் இலக்கிய வரலாற்றில் அதற்குத் தனி இடம் தந்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அந்தப் புத்தகம் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவேண்டியது நாம்தான்.

பத்திரிகை தொடங்கிச் சில வாரங்களிலேயே இலங்கைக்கு ஒரு விருந்தாளி வந்தார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, 1882 செப்டம்பரில் தல்அல்கபீர் களத்தில் தோற்ற அராபி பாஷாவை, வேறு ஆறு தலைவர்களோடு ஆங்கில அரசு இலங்கைக்கு நாடு கடத்தியது. 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் அவர்கள் இறங்கியபோது முஸ்லிம்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். பாஷாவை எல்லாரும் போய்ப் பார்த்தார்கள், முஸாபஹா செய்தார்கள், விருந்து கொடுத்தார்கள். சித்தி லெப்பையும் போனார். ஆனால் அவர் அந்த மதிப்பைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பினார். ஊரார் பேச்சைக் கேட்காத தனவந்தர்கள் பாஷாவின் பேச்சைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஆனாலும் காரியம் எளிதாக நடந்துவிடவில்லை. 1884ல் கொழும்பில் தொடங்கிய முதல் பள்ளி நிலைக்காமல் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அந்தக் காலத்து வியாபார நிலைமையையும் நினைத்துப் பார்க்கவேண்டும். காப்பிச் செடியில் 1869ல் தென்பட்ட இலை நோய் பரவிப் பரவி, 1880களில் இலங்கைக் காப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. பள்ளி தொடங்கிய அதே 1884ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் பாங்கு முறிந்தது. தோட்டம் படுத்தால் தோட்டத்தை நம்பிய கடை என்ன ஆகும் என்பதை ரப்பர் விலை விழுந்த நாட்களைப் பார்த்த கெடா வியாபாரிகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் நன்கொடைப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கினால் எத்தனை கல்லா திறக்கும்?

எதிர்ப்பும் வந்தது. ஆங்கிலம் கற்றால் மார்க்கம் கெடும் என்று சொன்ன பெரியவர்கள் இருந்தார்கள். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்றவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் நல்ல மனிதர்கள், சமுதாயத்தின் மீது அக்கறை உள்ளவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். சித்தி லெப்பை நல்ல வருமானம் தந்த வழக்கறிஞர் தொழிலை விட்டார். சொந்தப் பொருள் பத்திரிகைக்கும் பள்ளிக்கும் கரைந்தது. ஐந்தொகை போட்டுப் பார்த்தால், வியாபாரி என்ற முறையில் எனக்கு அது நஷ்டக் கணக்காகத்தான் தோன்றுகிறது. இத்தனை செலவுக்குப் பிறகு முதல் பள்ளி மூடிக் கிடந்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அவர் விடவில்லை. கொழும்பில் வாப்பிச்சி மரைக்கார் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் துணைக்கு வந்தார். 1877ல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவர் அவர்தான். அந்தக் கட்டடத்துக்காக என்ன சன்மானம் வேண்டும் என்று கவர்னர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்கவேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக ஒரு கதை இன்றும் கொழும்பில் வழங்கி வருகிறது. அத்தகைய மனிதரின் உழைப்பும், அராபி பாஷாவின் ஆதரவும், சித்தி லெப்பையின் ஓயாத தூண்டுதலும் சேர்ந்து, 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல் மதறசதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. இடத்தைக் கவனியுங்கள். பாதிரிமார் பள்ளிக்கு அனுப்ப அஞ்சிய தகப்பனார், பள்ளிவாசல் வளவுக்குள் பிள்ளையை அனுப்ப அஞ்சமாட்டார். ஓதலும் அங்கே, ஆங்கிலமும் அங்கே. நிலம் வாங்கவும் வேண்டியதில்லை, நம்பிக்கையைப் புதிதாக உண்டாக்கவும் வேண்டியதில்லை. அந்த மதறசாதான் பிற்காலத்தில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாயிற்று.

இதற்கு ஓராண்டு முன்னால், 1891ல், கண்டியில் அவர் செய்த காரியம்தான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். அதுவரை பெண்பிள்ளைகள் ஓதிக்கொடுக்கும் அம்மாமார் வீட்டுத் திண்ணையில் ஓதுவார்கள். வயது வந்ததும் அதுவும் நின்றுவிடும். ஆண் ஆசிரியரை வைத்தால் ஒருவரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். படித்த முஸ்லிம் பெண் ஆசிரியைக்கு எங்கே போவது? தம் உடன்பிறந்தாளையே அந்தப் பள்ளிக்குப் பொறுப்பாக வைத்தார். ஊராருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தம் வீட்டுக் கதவை மூடிக்கொள்ளவில்லை. சித்தி லெப்பையின் வீட்டுப் பெண்ணே அங்கே இருக்கிறார் என்றால், மற்றவர்கள் மகளை அனுப்பத் தயங்கக் காரணமில்லை. வங்காளத்தில் பேகம் ரொக்கையா அவர்கள் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது 1911ல். கண்டியில் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மணி அடித்துவிட்டது.

மேல்படிப்புப் படித்த நம் பிள்ளைகளிடம் பேசும்போது, ஏழைச் சமுதாயத்துக்குக் கல்விமுறை வகுப்பது என்று இப்போது பெரிய பாடமாகவே நடத்துகிறார்கள் என்று சொல்கிறார்கள். அதில் முதல் பாடம், அந்தச் சமுதாயம் எதை ஏற்கெனவே அறிந்திருக்கிறது, யாரை நம்புகிறது என்று கண்டறிவதாம். நம் கெடாத் தோட்டங்களில் பழைய தமிழ்ப் பள்ளிகளை நினைத்தால், ஒரே அறையில் பல வகுப்பு, ஒரே வாத்தியார். அதிலும் பிள்ளைகள் படித்தார்கள், காரணம் பள்ளி லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது, வாத்தியார் லயத்து மக்களுக்குத் தெரிந்தவராக இருந்தார். கண்டியில் ஓதும் எழுத்து, கடைத் திண்ணை, பள்ளிவாசல் வளவு, உடன்பிறந்தாளின் மேற்பார்வை, இவைதான் சித்தி லெப்பையின் மூலதனம்.

கடைசி ஆண்டுகளில் அவர் ஞான மார்க்கத்தில் ஆழ்ந்தார். அஸ்ராருல் ஆலம் என்ற நூலை எழுதினார். அந்த நூலின் கருத்துக்களைப் பற்றி ஆலிம்களுக்குள் சர்ச்சை எழுந்தது. அதில் தலையிடும் தகுதி எனக்கில்லை. 1898 பிப்ரவரி 5ஆம் தேதி வபாத்தானார். வயது அறுபதுகூட நிறையவில்லை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் அதே 1898ல் மறைந்தார்கள். அராபி பாஷா 1901ல் எகிப்து திரும்பினார்.

சித்தி லெப்பை கண்ணை மூடும்போது ஸாஹிரா ஒரு சிறிய மதறசாவாகத்தான் இருந்தது. அவர் பட்ட பாட்டுக்கு அது போதுமான பலனா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லக் கடினமாயிருந்திருக்கும். 1921ல் டி. பி. ஜாயா அவர்கள் தலைமையாசிரியராக வந்தார். அவர் மலாய் வமிசத்தவர்; 1948வரை இருபத்தேழு ஆண்டுகள் இருந்து ஸாஹிராவை நாடறிந்த கல்லூரியாக்கினார். அவருக்குப் பின் 1961வரை ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். இந்த அஸீஸ் அவர்கள்தான் ஏழை முஸ்லிம் மாணவர்களின் மேல்படிப்புக்காக 1945ல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியவர். சித்தி லெப்பையின் தொண்டை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவரும் அவரே.

1977 ஜூன் 11ஆம் தேதி, அவர் பிறந்த நாளன்று, இலங்கை அரசாங்கம் சித்தி லெப்பைக்குத் தபால்தலை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரால் ஒரு மகா வித்தியாலயம் இருக்கிறது. கண்டிப் பக்கம் சுற்றுலாப் போகும் நம் சங்கத்துச் சகோதரர்கள் தலதா மாளிகையையும் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அராபி பாஷா குடியிருந்த வீட்டை நினைவு நிலையமாக வைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்து, அந்த வித்தியாலயத்து வாசலில் நின்று ஒரு பாத்திஹா ஓதிவிட்டு வரலாம்.

அல்லாஹ் அவர்களுடைய கபுரைப் பிரகாசமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.